காற்றிசைக் கருவிகளின் கதை – 9: வானொலி வேண்டாம் என்ற பெட்டி

1940 மார்ச் 1ஆம் தேதி முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குக் கதவை அடைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், சுமார் பதினைந்து ஆண்டுகளாக ஒரு வானொலி நிலையத்தில் மவுத் ஆர்கன் வாசித்துவந்த டெஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞரை அந்த நிலையம் வேலையை விட்டு அனுப்பியது. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் வெளியே தள்ளப்பட்ட கருவிகள் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மிசிசிப்பியின் பருத்திக்காட்டுக்குப் போனது, இன்னொன்று நம் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கூத்துக் களத்துக்கு வந்தது. போன இடங்களில் இரண்டுக்கும் கிடைத்த மரியாதையும், கிடைக்காத பேரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சென்ற பகுதியில் நாகசுரத்தின் சீவாளியைப் பார்த்தோம். நாணல் மடல் இரண்டு ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும் கருவி அது. ஆர்மோனியத்திலும் மவுத் ஆர்கனிலும் உள்ள பித்தளை நாக்கு எதன் மீதும் மோதாது. தகட்டில் வெட்டிய சிறு சாளரத்துக்குள் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்டு, காற்று போகும்போது உள்ளும் புறமுமாக ஆடும். நம் ஊர் ஆர்மோனியப் பெட்டி பழுது பார்ப்பவர்கள் இதை ரீடு என்பார்கள். நாக்கின் நுனியைக் கொஞ்சம் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். நீளக் குழல் எதுவும் தேவையில்லை என்பதால்தான் ஓர் இசைக்கருவியைச் சட்டைப்பைக்குள் போடும் அளவுக்குச் சுருக்க முடிந்தது.

இந்த நாக்கின் பூர்வீகம் கிழக்கு ஆசியா. மூங்கில் குழல்களைக் கொத்தாகச் செருகி வாயால் ஊதும் ‘ஷெங்’ சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. பெய்ஜிங்கில் இருந்த அமியோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1777இல் ஷெங் கருவிகளைப் பாரிசுக்கு அனுப்பிவைத்தார். அதற்கு முன்பே ஒன்றிரண்டு ஐரோப்பாவுக்குப் போயிருந்தாலும், கருவி செய்பவர்களின் கவனம் இந்த நாக்கின் மேல் திரும்பியது அந்தக் காலகட்டத்தில்தான். அடுத்த எழுபது ஆண்டுகளில் ஐரோப்பா இதை வைத்து என்னென்னவோ செய்து பார்த்தது. அவற்றில் நிலைத்தவை மூன்று: அக்கார்டியன், மவுத் ஆர்கன், ஆர்மோனியம்.

ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிசில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாந்தர் தெபேன். காலால் துருத்தியை மிதித்து இரண்டு கையாலும் வாசிக்கும் மேசைக் கருவி அது. பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறிய தேவாலயங்களுக்கு ஏற்றது. பாதிரிமார்களோடு அது இந்தியாவுக்கு வந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் ஊரில் நாற்காலி போட்டு மிதிப்பது ஒத்துவரவில்லை. 1875 வாக்கில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் கால்களைக் கழற்றிவிட்டுத் துருத்தியைப் பின்னால் பொருத்தி, இடது கையால் அடிக்கும் பெட்டியாக அதை மாற்றினார். இன்று நாம் ஆர்மோனியம் என்று சொல்வது பெரும்பாலும் கோஷ் செய்த இந்த உருவத்தைத்தான். பிரெஞ்சுக்காரன் கண்டுபிடித்த கருவி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கிராமங்களில் கல்கத்தாக்காரர் போட்டுக்கொடுத்த வடிவத்தில் வாழ்ந்தது.

தமிழ் மேடைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் நாடகக் கம்பெனிக்காரர்கள். பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து நம்மவர்களும் ஆர்மோனியம் வைத்துக்கொண்டார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் பாட்டுத்தான் எல்லாம், வசனம் இடையில் வந்து போவது. மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டுமென்றால் நடிகன் உச்சத்தில் பாட வேண்டும், அந்த உச்சம் இரவு முழுக்கக் கீழே இறங்காமல் பிடித்துவைக்க ஒரு கருவி வேண்டும். வீணையால் அது ஆகாது, வயலினும் அந்தச் சத்தத்தில் எடுபடாது. பித்தளை நாக்குகள் எடுபட்டன. காலால் மிதிக்கும் கால் ஆர்மோனியத்தை நாடகக்காரர்கள் விடாமல் வைத்துக்கொண்டதற்குக் காரணமும் இதுவே: இரண்டு கையும் வாசிப்பதற்கு இருக்கும், காற்றும் அதிகம் கிடைக்கும்.

சுவாமிகள் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர், மதுரையில் வாழ்ந்தவர். ஆனால் 1922 நவம்பர் 13ஆம் தேதி அவர் இறந்தது புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. பக்கவாதத்தில் கையும் காலும் வாயும் விழுந்த நிலையிலும் நாடகக் கம்பெனியோடு வந்து தங்கியிருந்தார். அவர் பிறந்த பக்கத்தை விடப் புதுவைக்காரர்கள் அவரை அதிகம் கொண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான்.

கம்பெனி நாடகத்திலிருந்து பெட்டி கூத்துக்கு இறங்கியது. புதுச்சேரியைச் சுற்றியுள்ள பழைய தென்னார்க்காட்டு ஊர்கள் தெருக்கூத்தின் தாய்நிலங்களில் ஒன்று. சங்கராபரணி ஓரத்து வில்லியனூரிலிருந்து தென்பெண்ணைக் கரையில் முடியும் பாகூர் கொம்யூன் வரை எந்த ஊரிலும் திரௌபதியம்மன், மாரியம்மன் திருவிழா என்றால் கூத்து உண்டு. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். சாவு வீட்டிலும் உண்டு. கருமாதிக்கு முந்திய இரவு கர்ண மோட்சம் ஆடினால் போனவருக்கு நல்ல கதி என்பது நம்பிக்கை.

களத்தின் பின்பக்கம் ஒரு பெஞ்சு கிடக்கும். நடுவில் ஆர்மோனியம், ஒரு பக்கம் மிருதங்கமோ டோலக்கோ, மறுபக்கம் முகவீணை என்ற ஊதுகுழலும் தாளமும். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுக்கும்போது பெட்டிக்காரர் அவரை ஒரு மூச்சு பின்னால் தொடர்வார். வேஷக்காரர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்புவார். அடி மறந்து நிற்கும் பையனுக்கு அடுத்த பாட்டின் தொடக்கத்தைச் சுரத்தில் எடுத்துக்கொடுப்பார். கட்டியக்காரன் கேலி பேசும்போது ஒரு சினிமாப் பாட்டின் அரை வரியைத் தூக்கிப்போட்டுச் சிரிப்பை இரட்டிப்பார். துகில் உரியும் இடத்தில் முகாரி, விடியும்போது பூபாளம். ஆடுபவர்கள் மாறி மாறி வந்து போவார்கள், நடுவில் வேஷம் கலைத்துத் தூங்கவும் செய்வார்கள். பெட்டிக்காரர் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் கோழி கூவித்தான் எழுந்திருப்பார்.

அவர் கையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஆதார சுருதிக்கான கட்டை எழும்பாமல் இருக்கப் பக்கத்து இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகியிருப்பார். அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும், வலது கை விடுதலையாகும். இடது கை துருத்தியை அடிப்பதில்தான் வித்தை. சீராக அடித்தால் ஒலி தட்டையாக வரும். பீமன் வரும்போது குறுக்கி வெட்டி வெட்டி அடிப்பார், திரௌபதி அழும்போது துருத்தியை முழுக்க விரித்து மெதுவாக மூடுவார். மூன்று மணிக்கு மேல் தொண்டை கட்டிய ஒரு வேஷக்காரர் திரை ஓரத்தில் குனிந்து, “அண்ணே, அரைக் கட்டை எறக்குங்க” என்பார். தீக்குச்சி இடம் மாறும். விரல்கள் கருப்பும் வெள்ளையுமாகப் புதிய வழியில் நடக்கத் தொடங்கும். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கடற்காற்று பித்தளைக்குப் பகை. இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் ரீடு களிம்பேறிச் சுருதி விலகுவது சாதாரணம். பாதி இரவில் ஒரு நாக்கில் தூசி சிக்கி ஊமையானால் மூடியைத் திறந்து, பிளேடு நுனியால் நாக்கை மெல்லத் தூக்கி விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குள் மூடிவிடுவார்கள். ரீடு குஜராத்தின் பாலிதானாவிலிருந்து வருவதா வேறு ஊரிலிருந்து வருவதா என்று ஒலியை வைத்தே சொல்லும் பழுதுக்காரர்கள் உண்டு.

இனி மற்றப் பிள்ளையைப் பார்ப்போம். ஜெர்மனியின் டிராசிங்கன் ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த மத்தியாஸ் ஹோனர் 1857இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். முதல் ஆண்டில் 650. முப்பது ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கிட்டார் வாங்க முடியாதவனும் மவுத் ஆர்கன் வாங்க முடிந்தது, பருத்தி பறிக்கும்போது பையில் வைத்துக்கொள்ள முடிந்தது.

அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அதை வாசித்த விதத்தை ஹோனர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஜெர்மன் நாட்டுப்பாட்டுக்காகச் செய்த பத்துத் துளைக் கருவி அது. ஊதினால் ஒரு சுரம், அதே துளையில் இழுத்தால் வேறு சுரம். ஊதும் சுரங்களை வைத்துப் பாட்டு வாசிக்க வேண்டும் என்பது செய்தவரின் கணக்கு. புளூஸ்காரர்கள் கருவியைத் தலைகீழாக்கினார்கள். நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை மவுத் ஆர்கனை வாங்கி ஐந்து கட்டையில் வாசித்தார்கள், ஊதுவதை விட்டு இழுப்பதில் பாட்டை வைத்தார்கள். காரணம் உண்டு. ஒரே அறைக்குள் ஊதும் நாக்கும் இழுக்கும் நாக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இழுக்கும்போது வாய்க்குள் தன் நாவைப் பின்னுக்கு இழுத்து வாய்க்குழியின் வடிவத்தை மாற்றினால், இரண்டு ரீடுகளும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துச் சுரம் வழுக்கிக் கீழே இறங்கும். மூன்றாம் துளையில் மூன்று அரைச்சுரம் வரை இறக்கலாம். கருவியில் இல்லாத சுரங்களை வாயால் உண்டாக்கிக்கொண்டார்கள். அழுகையும் ரயில் கூவலும் நாய்க் குரைப்பும் அந்தப் பத்துத் துளையிலிருந்து வந்தன. கமகம் தெரிந்த காது உள்ளவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

டெஃபோர்ட் பெய்லி டென்னசி மாநிலத்துக்காரர், 1899இல் பிறந்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, படுத்த படுக்கையில் மவுத் ஆர்கன் பழகியவர். ஊர்ப்பக்கம் போகும் ரயிலின் ஓட்டத்தை அப்படியே வாசிப்பார். 1927இல் நாஷ்வில் வானொலியில் அவர் அந்த ரயிலை வாசித்து முடித்ததும்தான் அறிவிப்பாளர் அந்த நிகழ்ச்சிக்கு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற பெயரை வைத்தார். அமெரிக்க நாட்டுப்புற இசையின் மிகப் பெரிய மேடைக்குப் பெயர் சூட்டுவிழா நடந்தது ஒரு கறுப்பினக் கலைஞரின் மூச்சில். சுற்றுப்பயணங்களில் அதே குழுவோடு ஒரே ஓட்டலில் சாப்பிடவோ தங்கவோ அவருக்கு அனுமதி இல்லை. 1941இல் பாடல் உரிமை நிறுவனங்களுக்கும் வானொலிகளுக்கும் சண்டை வந்தபோது அவர் பழகிய மெட்டுகளை ஒலிபரப்ப முடியாமல் போனது. புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லி நீக்கினார்கள். மீதி வாழ்நாளின் பெரும்பகுதி நாஷ்விலில் ஷூ பாலிஷ் போடும் கடை நடத்தினார். 1982இல் இறந்தார். நாட்டுப்புற இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல்.

அதே 1941 நவம்பரில் ஆர்கன்சாவின் ஹெலினா என்ற சிற்றூரில் இன்னொரு வானொலி மாவு விளம்பரம் ஒன்றுக்காக ரைஸ் மில்லர் என்ற புளூஸ்காரரை மவுத் ஆர்கனோடு உட்காரவைத்தது. மத்தியானச் சாப்பாட்டு நேர நிகழ்ச்சி, கேட்டவர்கள் பருத்திக்காட்டுக் கூலிகள். மாவு விற்றது, மில்லர் படம் மாவுப் பைகளில் அச்சானது. வானொலிக்கு யார் தேவை, யார் தேவையில்லை என்பதை எந்தக் காலத்திலும் இசை மட்டும் தீர்மானித்ததில்லை. 1952இல் சிகாகோவின் லிட்டில் வால்டர் ஒலிபெருக்கி மைக்கையும் மவுத் ஆர்கனையும் ஒரே கைக்குள் பொத்திப் பிடித்து வாசித்த ‘ஜூக்’ கறுப்பினத்தாரின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. புளூஸ் மவுத் ஆர்கனுக்கு அதுவே உச்சம். பதினாறு ஆண்டுகள் கழித்து, முப்பத்தேழு வயதில், தெருச்சண்டையில் பட்ட அடியோடு அவர் செத்துப்போனார். அதற்குள் கூட்டம் கிட்டார்க்காரர்களின் பின்னால் போய்விட்டது.

இந்தியாவில் மவுத் ஆர்கனுக்கு இப்படி ஒரு கிராமத்து வாழ்க்கை அமையவில்லை. திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் பொருளாக நின்றது, சினிமாவில் அவ்வப்போது தலைகாட்டியது. 1964இல் வந்த ‘தோஸ்தி’ இந்திப் படத்தில் கேட்கும் மவுத் ஆர்கன் ஆர்.டி. பர்மன் வாசித்தது. ‘ஷோலே’யில் அமிதாப் வாயில் வைத்திருப்பதை உண்மையில் வாசித்தவர் பானு குப்தா. அமிதாப் முகம் தெரியாதவர் உண்டா? குப்தாவைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மீண்டும் நம் பெட்டிக்கு வருவோம். ஆர்மோனியத்தின் மேல் வழக்குத் தொடுத்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. புதுவையில் பத்தாண்டு வாழ்ந்த பாரதி ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில் அதைச் சாடியிருக்கிறார். கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசாமிக்குப் பிடிக்காது. தாகூர் சாந்திநிகேதனில் சேர்க்கவில்லை. அகில இந்திய வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1938இல் அதைக் கண்டித்து எழுதினார். தலைமை அதிகாரி லயனல் ஃபீல்டன் காலத்தில் தடை வந்தது. எல்லோரும் சொன்ன குற்றச்சாட்டு ஒன்றே: கட்டை வைத்த கருவியில் சுரம் படி படியாக நிற்கும், வழுக்காது, கமகம் வராது, சமமாகப் பங்கிட்ட மேற்கத்தியச் சுருதி நம் ராகங்களின் நுட்பத்தைக் கெடுக்கும். இதில் பொய் எதுவும் இல்லை. மவுத் ஆர்கனில் வாய் செய்யும் வேலையை ஆர்மோனியத்தில் விரலால் செய்ய முடியாது.

ஆனால் இந்த வழக்கில் கூத்துக்காரரைச் சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. கமகத்தைக் கூத்தில் பாடுபவரின் தொண்டை பார்த்துக்கொள்ளும், முகவீணை பார்த்துக்கொள்ளும். பெட்டியிடம் கேட்டது, வெட்டவெளியில் இரண்டாயிரம் பேர் பேச்சுக்கும் குழந்தை அழுகைக்கும் மேலே எட்டு மணி நேரம் சுருதி நகராமல் நிற்பதை. சபாவில் ஐம்பது பேருக்கு முன்னால் தம்பூராவோடு பாடுபவரின் அளவுகோலைக் கொண்டுவந்து கூத்துக் களத்தை அளந்தால் எப்படி? அந்தச் சபாப் பாடகரும் தன் குரலை ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்று ஆர்மோனியக் கட்டையை எண்ணித்தான் சொல்கிறார். தடை 1971 வாக்கில்தான் தளரத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் ஒரு தலைமுறை வாசிப்பவர்களுக்கு வானொலிச் சம்பளமும் கிடைக்கவில்லை, வானொலி ஒலிப்பதிவும் இல்லை.

தடை வந்தபோது பாகூரும் வில்லியனூரும் ஆங்கிலேயன் ஆட்சியில் இல்லை, பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தன. அதுவும் ஒட்டுமொத்த நிலமாக இல்லை, துண்டு துண்டாக. பாகூரிலிருந்து கடலூருக்குக் கூத்தாடப் போகும் ஜமா என்ற குழு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த பிறகே அந்த எல்லைக்கோடு அழிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டெல்லி வானொலியின் உத்தரவைப் படித்துவிட்டுப் பெட்டியை மூடிய கூத்து ஜமா ஒன்றுகூட இல்லை. பெயிண்ட் உரிந்த அந்தப் பெட்டிகளின் மேல் யாருக்கும் அதிகாரம் இருந்ததில்லை, அக்கறையும் இருந்ததில்லை.

பெட்டியை விட்டு வெளியே வந்தவர்களுக்குப் பேர் கிடைத்தது. ஜி. ராமநாதன் ஆர்மோனியம் வாசித்துத் தொடங்கியவர், சினிமாவுக்கு இசையமைத்துப் பெரியவரானார். எம்.எஸ். விசுவநாதன் கடைசிவரை ஆர்மோனியத்தில்தான் மெட்டுப் போட்டார், ஆனால் ஊர் அவரை மெல்லிசை மன்னர் என்றே அறியும். வாசிப்பவராகவே நின்று பேர் வாங்கிய காதர் பாட்சா போன்றவர்கள் நாடக மேடையில் உண்டு. அதுவும் நாடகத்தோடு முடிந்தது. கூத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. 1970களுக்குப் பின் நவீன நாடகக்காரர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் கூத்தைத் தேடி வந்தார்கள். வாத்தியார்களின் பெயர், வேஷக்காரர்களின் பெயர், மர அணி பூணும் கட்டை வேஷத்தின் கிரீட அளவு எல்லாம் புத்தகத்தில் ஏறின. பெட்டிக்காரர் புகைப்படத்தின் ஓரத்தில் அரை முகமாக இருக்கிறார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் பாகூரின் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டிவைத்த மண் இது. அந்த ஏட்டில் பாட்டு எழுதியவர் பெயர் வரை இருக்கிறது. இப்போது திருவிழா நோட்டீசில் அர்ச்சகர், உபயதாரர், பந்தல்காரர், ஜமா வாத்தியார் வரை அச்சடிக்கிறார்கள். கீழே ஒரு வரி சேர்த்தால் அச்சகக்காரர் காசு அதிகம் கேட்கப்போவதில்லை.

இன்று சில ஜமாக்களில் கீபோர்டு ஏறிவிட்டது. சுமக்க எளிது, களிம்பு பிடிக்காது, ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டை மாறும். துருத்தி இல்லாததால் இடது கைக்கு வேலை இல்லை. பீமனுக்கும் திரௌபதிக்கும் ஒரே காற்று. இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கனமான பழைய பெட்டியை டூவீலரில் கட்டிக்கொண்டு பத்து ஊர் போகிறவரிடம் போய்ப் பாரம்பரியம் பேசுவது சுலபம்.

அந்தப் பெஞ்சில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம்கூட நீளமில்லாத ஒரு குழலோடு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பெட்டியால் முடியாத கமகத்தையெல்லாம் கன்னம் உப்ப ஊதித் தள்ளுகிறவர் அவர்தான். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதால் பல ஜமாக்களில் அவர் இடம் காலியாகவே கிடக்கிறது. அடுத்த பகுதி முகவீணைக்கு.

(தொடரும்)